பதாகையில் இருந்த சொற்கள்

மாஸே,
11 பிப்ரவரி 2019

அன்புள்ள குன்வோர்,

நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். கலைமான்களும் இந்த வருஷக் குளிரைத் தாங்கிவிட்டன.

போன வாரம் பெரியம்மா பேத்தியின் கல்யாணத்துக்கு ஆல்டா போயிருந்தேன். ஓட்டல் வரவேற்பறையில் சோபாவுக்கு மேலே சுவர் நிறைய நான். உன் கணவர் ஓத்தார் 1981 ஜனவரியில் எடுத்த அதே படம். எங்கள் ஆற்றில் கட்ட வந்த அணைக்குப் போகும் சாலையை மறித்துப் பனியில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு போலீஸ்காரர்கள் தோளைப் பிடித்து இழுக்கிறார்கள். கையில் பதாகை. ஆனால் பதாகை வெறும் வெள்ளை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். எழுத்தே இல்லை. கீழே சின்னதாகத் தலைப்பு: 'வடக்கின் மௌனம்'. மௌனமா? அன்றைக்குக் கத்திய கத்தலில் ஒரு வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

'ஆறு வாழட்டும்' என்று எங்கள் சாமியர் பழங்குடி மொழியில் எழுதியவர் என் அப்பா. விடுதிப் பள்ளியில் அந்த மொழியைப் பேசியதற்காகப் பிரம்படி வாங்கியவர். ஐம்பத்தெட்டு வயதில் முதன்முதலாக நாலு பேர் பார்க்க அதை எழுதினார். "சரியாத்தான் எழுதியிருக்கேனா பாரு" என்று மூன்று தடவை கேட்டார்.

யார் அழித்தது, குன்வோர்? ஓத்தாருக்குப் பிறகு படங்களெல்லாம் உன் பொறுப்பில்தானே இருக்கின்றன?

உன்,
ரிஸ்தென்

*

ஒஸ்லோ,
20 பிப்ரவரி 2019

அன்பு ரிஸ்தென்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம். படித்ததும் சங்கடம்.

ஓத்தார் போன பிறகு ஒரு சுவர்ப்படக் கம்பெனி தேடி வந்தது. அலமாரியில் தூங்குவதைவிட நாலு பேர் பார்க்கட்டுமே என்று கொடுத்தேன். எழுத்தை எடுத்தது அவர்களுடைய வடிவமைப்பாளர். படுக்கையறையில் மாட்டுகிறவர்களுக்கு வாசகம் உறுத்துமாம். ஆனால் உன் முகம் இருக்கிறதே, அந்தப் பார்வை போதாதா? பார்க்கிறவர்கள் எல்லோரும் "என்ன துணிச்சல்!" என்றுதான் சொல்கிறார்கள்.

நடந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அணையும் கட்டியாகிவிட்டது. இதற்காக நமக்குள் மனக்கசப்பு வேண்டாம். கோடையில் வா, உனக்குப் பிடித்த மீன் சூப் வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
குன்வோர்

*

மாஸே,
17 மார்ச் 2019

குன்வோர்,

அணை கட்டியாகிவிட்டது, தெரியும். நாங்கள் தோற்றதும் தெரியும். தோற்றவள் என்ன கேட்டாள் என்பதையாவது விட்டுவைக்கக் கூடாதா?

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை பஸ் ஏறி ஆல்டா போனேன். சோபாமேல் ஏறி நின்று, பதாகை இருக்கும் இடத்தில், படத்தின் கண்ணாடிமேல் பெயின்ட் பேனாவால் அப்பாவின் சொற்களை எழுதினேன். மேலாளர் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க? இது ஓட்டல் சொத்து."

"படத்துல இருக்கறது யாருன்னு பாருங்க."

படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்களா?"

"நான்தான். கொஞ்சம் சுருக்கம் விழுந்திருக்கு."

"இருந்தாலும் நான் அழிச்சுடுவேன்."

"அழிங்க. அடுத்த சனிக்கிழமையும் வருவேன். பஸ் இருக்கு."

போனேன். அழித்திருந்தார். திரும்ப எழுதினேன். நேற்று மூன்றாம் தடவை போனபோது எழுத்து அப்படியே இருந்தது. "துடைக்கிற துணி தீர்ந்துபோச்சு" என்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

இந்தப் படம் எந்தெந்த ஊரில் தொங்குகிறது என்று கேட்டு எழுது. ஒவ்வொரு ஊராகப் போவேன். அந்த வடிவமைப்பாளர் தானாக அழித்தாரா, யாரையாவது கேட்டுவிட்டு அழித்தாரா? அதையும் எழுது.

ரிஸ்தென்

*

ஒஸ்லோ,
2 ஏப்ரல் 2019

ரிஸ்தென்,

கேட்டார்கள். என்னைத்தான் கேட்டார்கள். எழுத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு மாதிரி அனுப்பினார்கள். எழுத்தில்லாததே அழகு என்று நான்தான் சொன்னேன். போன கடிதத்தில் அதை உன்னிடம் மறைத்தேன்.

அதில் என்ன எழுதியிருந்தது என்று உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் உன்னைக் கேட்டதில்லை. ஓத்தாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது. புதுப்பிக்க மாட்டேன் என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு எடுத்த நெகட்டிவ் அத்தனையையும், உரிமையை எழுதிக்கொடுத்த தாளையும் உனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இனி யாராக இருந்தாலும் உன்னைத்தான் கேட்க வேண்டும்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

குன்வோர்

*

மாஸே,
15 ஏப்ரல் 2019

குன்வோர்,

நெகட்டிவ் வந்து சேர்ந்தது. கம்பெனிக்காரரும் போனில் வந்தார். எழுத்தோடேயே போடுகிறோம், சம்மதமா என்றார். முடியாது என்றேன். ஏன் என்றார். "என் இஷ்டம்" என்று வைத்துவிட்டேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். தபாலில் தீர்கிற கோபமும் இல்லை இது.

கடலோரத்தில் எங்கள் கோடை மேய்ச்சல் மலையில் காற்றாலை நட வருகிறார்கள். மே ஆறாம் தேதி காலை ஏழு மணிக்குச் சாலையில் உட்காருகிறோம். என் பக்கத்தில் இடம் போட்டு வைக்கிறேன். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்து வா.

படம் எடுக்க ஆளுக்கொரு போன் வைத்திருக்கிறார்கள். உட்காரத்தான் ஆள் போதவில்லை.

ரிஸ்தென்