கூடைக் கயிற்றில் ஏறிய சிலுவை

அன்பு மகள் ஜெனிதாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே அம்மா, தம்பி டினேஷ், நான் எல்லோரும் சுகம், என் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கடல் தாண்டி சைப்பிரஸில் இருக்கிற உன் உடம்பும் மனசும் தேற வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைக் கண்டதும் எனக்கு வேடிக்கைப் பேச்சு வந்துவிடுகிறது, நீயும் சிரித்துவிடுகிறாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. எழுதி முடித்ததும் டினேஷ் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். இங்கே மழை விடவில்லை. டினேஷுக்கு நோர்வூட் கடை வேலை நல்லபடியாகப் போகிறது, முதலாளி இப்போது அவனிடம் சாவியையும் கொடுக்கிறார். அம்மா டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரஷர் பார்த்து வந்தாள், பயப்பட ஒன்றும் இல்லை, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், அவள் என் சாப்பாட்டிலும் சேர்த்துக் குறைத்துவிட்டாள்.

நீ அம்மாவிடம் போனில் அழுததை அவள் என்னிடம் மறைக்கவில்லை மகள். நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவை இரவில் எத்தனை தரம் புரட்டிப் படுக்க வைக்கிறாய், தூக்கம் இல்லாமல் பகலிலும் எப்படி நிற்கிறாய் என்றெல்லாம் சொன்னாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் நீ, “எனக்குச் செபமே வரமாட்டேங்குதும்மா, முழங்கால் போட்டா தூக்கந்தான் வருது, கடவுள் என்னைய விட்டுட்டாரு போல” என்று சொன்னாயாமே, அதுதான் நெஞ்சில் கொழுவிக்கொண்டது. பக்கத்துத் தெருவில் வேலை செய்கிற தலவாக்கலைப் பிள்ளை கிருஷாந்தி லீவு நாளில் கோயிலுக்குக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை என்றும், வெறும் மனசோடு அங்கே போய் உட்கார வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னாயாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடலாமா என்றும் கேட்டாயாம்.

இதைக் கேட்டதும் மூளை உள்ளவன் உட்கார்ந்து யோசிப்பான், நான் நேர்த்தி வைத்தேன். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் தேயிலைத் தோட்டத்தில் கீழ் லயத்து வீடுகளிலிருந்து மலை உச்சிக்குச் சிலுவைப்பாதை போவது உனக்குத் தெரியும், யேசுவின் பாடுகளைச் சொல்லும் பதினாலு ஸ்தலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆண் மாறி மாறித்தான் சிலுவையைச் சுமப்போம். இந்த முறை யாருக்கும் கொடுக்காமல் நான் ஒருவனே உச்சி வரைக்கும் சுமந்தால் ஆண்டவர் உனக்குத் தெம்பு தருவார் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியவன் வாயை மூடிக்கொண்டாவது இருந்தேனா, லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். டினேஷ் மட்டும், “கடையிலருந்து அரிசி மூட்டைய கொண்டாரவே ஆட்டோ கேக்குறீங்க, இது ஒங்களுக்குத் தேவையாப்பா?” என்று கேட்டான். விசுவாசம் இல்லாத பிள்ளை என்று அவனை ஏசிவிட்டுப் போனேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. சிலுவை யூக்கலிப்டஸ் மரம், தண்ணீரைக் குடித்து இரண்டு பங்கு கனத்துக் கிடந்தது. வாலிபர்கள் எல்லோரும் கொழும்பில், டினேஷ் கடையில், வந்திருந்த ஆண்கள் என்னைப் போலப் பழைய சரக்குகள். பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் முதுகில் கூடையுமாக நேரே வந்தார்கள். அம்மாவும் வந்தாள். உண்மையில் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன், ஏனென்றால் அன்றைக்கு மழையில் ஊறி, காலெல்லாம் அட்டை கடித்து, கொழுந்து போதாது என்று கங்காணியிடம் பேச்சும் வாங்கியிருந்தாள். பகல் சாப்பாட்டுக்கு வந்தபோதே, “இன்னைக்கு என்னால முடியாதுங்க, ஆண்டவருக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டுத்தான் திரும்ப மலைக்குப் போனாள்.

முதல் நாலு ஸ்தலம் வரைக்கும் நான் ராஜா மாதிரி நடந்தேன். ஐந்தாம் ஸ்தலம் சீமோன் யேசுவுக்குச் சிலுவை சுமக்க உதவி செய்வது, ஸ்தலங்களை வாசிக்கிற பொன்னையா வழக்கப்படி முன்னால் வந்து தோள் கொடுக்கப் பார்த்தான், நான் கண்ணாலேயே அவனை விரட்டினேன். சிலுவைப்பாதையில் சீமோனை விரட்டிய ஆள் உலகத்திலேயே உன் அப்பா ஒருவன்தான். ஏழாம் ஸ்தலம் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்துச் செங்குத்துப் பாதை. யேசு இரண்டாம் முறை கீழே விழுகிறார் என்று பொன்னையா வாசித்து முடிப்பதற்குள் நான் விழுந்துவிட்டேன். ஆண்டவர் எழும்பினார், நான் எழும்பவில்லை. நடிக்கிறேன் என்று நினைத்துச் சனமெல்லாம் பக்தியோடு பார்த்துக்கொண்டு நிற்கிறது. பொன்னையா குனிந்து, “போதும் அமிர்தம், நல்லா இருந்துச்சு, எந்திரிப்பா, இருட்டுது” என்கிறான்.

அம்மாதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்து என்னை ஒரு கல்லில் உட்கார வைத்தாள். எனக்கு வலியைவிட நேர்த்தி கெட்டுப்போன துக்கம். உனக்கு இனி என்ன ஆகுமோ என்று நினைத்ததும் அத்தனை பேருக்கு முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். “நேர்த்தி கெட்டுப்போச்சே சிசிலி, புள்ளைக்காக வச்சதாச்சே” என்றேன். அவள் என் கண்ணைத் துடைக்கவில்லை. “நேர்த்தி புள்ளைக்கா, ஒங்க தோளுக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும் மகள். அம்மா, தலையில் மாட்டிக் கொழுந்து சுமக்கும் தன் கூடைக் கயிற்றை எடுத்துச் சிலுவையின் ஒரு கையில் கட்டினாள், தலையில் துணியை மடித்து வைத்துக் கயிற்றை மாட்டினாள். மற்றக் கைக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா கயிறு போட்டாள். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், ஆனாலும் அம்மாவும் அவளும் இத்தனை வருசம் ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள், அம்மாவை மழையில் தனியாக விட மனசில்லாமல் கூட வந்தவள். அடிமரத்தை மற்றப் பெண்கள் பிடித்தார்கள். பெண்கள் சிலுவை தூக்குவது நம் தோட்டத்தில் வழக்கம் இல்லை என்று சொல்லப் பொன்னையா வாயைத் திறந்தான், அவன் மனைவியும் அடிமரத்தில் கை வைத்திருப்பதைக் கண்டு மூடிக்கொண்டான். பகல் முழுக்கக் கொழுந்து சுமந்த அதே தலையில் ஆண்டவருடைய சிலுவையைச் சுமந்துகொண்டு, வழுக்குகிற அந்த ஏற்றத்தில் அவர்கள் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. நான் பொன்னையாவைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் போனேன். பேச்சியம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, “அக்கா, ஒங்க சாமி நல்ல கனமான சாமிதான்” என்கிறாள். அம்மா, “அவரும் களைச்சுப் போயிருக்காரு, நம்ம மேல கொஞ்சம் சாஞ்சுக்கட்டும்” என்கிறாள். மத்தியானம் தன்னால் முடியாது என்று சொன்ன மனுசி இவள்தானா என்று எனக்கே சந்தேகம்.

உச்சியில் சிலுவையை நட்டு எல்லாச் செபமும் முடிந்த பிறகு அவளிடம் கேட்டேன், உனக்கு எங்கேயிருந்து இந்தத் தெம்பு வந்தது, நீ வழியெல்லாம் என்ன செபம் சொன்னாய், எனக்கும் சொல்லித் தா என்றேன். அப்போதுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். “எனக்கும் ரொம்ப நாளா செபம் வரலீங்க. ஜெனி அழுததுலருந்து ஒரு வார்த்தைகூட வரல. நீங்கள்லாம் சொல்றீங்கல்ல, அதுல ஏறிக்கிட்டுத்தான் வாரேன். வந்து நின்னா அவரு பாத்துக்கிறாரு” என்றாள். நம் வீட்டில் செபத்துக்கு இவள்தான் தலை என்று நினைத்து நிம்மதியாகக் கொட்டாவி விட்டவன் நான், இவளோ என் கொட்டாவிச் செபத்தில் ஏறிப் பயணம் செய்திருக்கிறாள். கொஞ்சம் முந்தித் தெரிந்திருந்தால் ஒழுங்காகவாவது சொல்லியிருப்பேன்.

அதிலிருந்து ஒன்று யோசிக்கிறேன். சீமோனும் வேலைக்காட்டிலிருந்து களைத்து வந்த ஆள்தான். அவன் ஆசைப்பட்டுச் சிலுவையைத் தொடவில்லை, வழியில் பிடித்து இழுத்து வைத்துச் சுமக்க விட்டார்கள். அவன் செபம் சொன்னதாக ஃபாதர்கூடச் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்குக் கடவுளுக்கு மிக அருகில் நடந்தவன் அவன்தான். நீயும் அந்த வயதான அம்மாவை இரவெல்லாம் தாங்குகிறாய், உன்னை விட்டுப் போனதாக நீ நினைக்கிறவர் அந்தப் படுக்கைப் பக்கத்திலேயே உன் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறார் என்றுதான் அப்பா நம்புகிறேன். உன்னையும் அம்மாவையும் நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, எந்தப் புண்ணியத்துக்கு நான் உங்களுக்கு நடுவில் வந்து விழுந்தேனோ தெரியவில்லை. ஊருக்கு வர வேண்டும் என்றால் தாராளமாக வா, ஒருவரும் ஒரு கேள்வி கேட்க மாட்டோம். ஆனால் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மட்டும் வராதே. கிருஷாந்தி கூப்பிட்டால் போனை எடு, நான் பொன்னையாவை விரட்டின மாதிரி அந்தப் பிள்ளையை விரட்டாதே. அவளோடு போய்க் கடைசி வாங்குப் பலகையில் உட்கார், தூக்கம் வந்தால் தூங்கு, ஆண்டவர் தட்டி எழுப்ப மாட்டார்.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொள், வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே என்று அம்மா எழுதச் சொன்னாள். மகளே, சகல வரங்களும் நிறைந்து நீ நீடூழி வாழ வேண்டும், உன் கைக்கும் காலுக்கும் ஆண்டவர் புதுத் தெம்பு தர வேண்டும் என்று உன் தலையில் கை வைத்ததாக நினைத்து ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மறந்துவிடாதே. வருகிற வெள்ளிக்கிழமையும் பெண்கள்தான் சுமப்பார்கள், அது யாரையும் கேட்காமலே முடிவாகிவிட்டது. சாயங்காலம் கீழ் லயத்தில் உன் பெயரைச் சொல்லி அம்மா தலையில் கயிற்றை மாட்டுவாள், உங்களுக்கு அப்போது மத்தியானம். அந்த நேரம் நீ செபம் சொல்ல வேண்டாம் மகள், சும்மா உட்கார்ந்திரு, நாங்கள் உன்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிறோம்.

இப்படிக்கு,
உன் மேல் மாறாத அன்புள்ள அப்பா,
சூ. அமிர்தநாதன்