உமியோடு போன நம்பர்

எம்.ரெட்டியபட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தங்கச்செல்விக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ரோஷினி எழுதுகிறாள். இங்கே நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம். சூரத்தில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்களோ என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் போட்டுப் பார்த்துப் பார்த்து நீயும் அழுதிருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை, போனுக்குத்தான் கேடு.

மாட்டுக்குக் கழனித்தண்ணீர் ஊற்றக் குனிந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. ரோஷினி சிம் கார்டைக் கழற்றித் துடைத்து, சுளகில் காய்ந்த குதிரைவாலியின் ஓரத்தில் வெயில் பட வைத்தாள். அது தெரியாமல் நான் சுளகை எடுத்துப் புடைத்துவிட்டேன். உமியோடு சிம்மும் போய்விட்டது, குப்பையைக் கிளறியும் அகப்படவில்லை. அரிசிக்குள் போட்டால் ஈரம் இழுக்கும் என்று பக்கத்து வீட்டு அழகுத்தாய் சொன்னாள், அரிசி என்ன குதிரைவாலி என்ன என்று மிச்சக் குதிரைவாலிக்குள் போனைப் புதைத்தேன். சார்ஜ் போடும் ஓட்டையெல்லாம் தானியம். "போனையும் வெதச்சிட்டியா, மழை பெஞ்சா மொளைக்கும்" என்று அப்பா ஏசுகிறார். அந்தச் சிம் உன் பெயரில் வாங்கியது, நீ நேரில் வந்தால்தான் அதே நம்பர் தருவார்களாம். உன் நம்பரும் மாப்பிள்ளை நம்பரும் போனுக்குள்தான் கிடக்கின்றன, எங்கள் யாருக்கும் மனப்பாடம் இல்லை. நல்லவேளை, சீர்ச்சாமான் அனுப்பிய பார்சல் சீட்டில் உன் விலாசம் இருந்தது.

நேற்று நானும் ரோஷினியும் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி ரிப்பேர் கடைக்குப் போனோம். இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்று அப்பா சொல்லி அனுப்பினார். எனக்கோ எப்படியாவது பழையதைப் பிழைக்க வைத்து உன் நம்பரை எடுத்துவிட வேண்டும், நீ அனுப்பிய ஸ்கேன் படமும் அதில்தான் இருக்கிறது. கடைக்காரர் சண்முகவேல் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சும்மா, மதுரைக்கு அனுப்பணும், லாக்கைச் சொல்லிட்டுப் போங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். ரோஷினியைத்தான் உனக்குத் தெரியுமே, நாலு ஆம்பிளைகள் நிற்கும் இடத்தில் என் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பாள். அவள் முன்னால் வந்து, "எங்க முன்னாடி பிரிச்சுப் பாக்குறதுன்னா பாருங்கண்ணே, இல்லைன்னா குடுத்துருங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "பழைய போனுக்குள்ள அப்பிடி என்ன பாப்பா பொதையலு" என்று கேட்டார். "எங்க மூஞ்சிதாண்ணே இருக்கு" என்றாள். நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொடுத்துவிட்டார். எனக்கு முதலில் ஆத்திரம்தான், உன் நம்பர் போச்சே என்று. பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன், நீ தலை துவட்டுகிற படம், நைட்டியில் சிரிக்கிற படம் எல்லாம் அதில்தானே இருக்கின்றன. முகம் தெரியாதவன் கையில் கொடுக்க இருந்தேனே. இதையெல்லாம் எழுத மாட்டேன் என்கிறாள், நான் விடவில்லை.

அப்பா சொன்னபடி புதுசு வாங்கி, அவர் பெயரில் வேறு சிம் போட்டாயிற்று. நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறாள். இரும்பு மாத்திரையைத் தவறவிடாதே, குடத்தைத் தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும். நம் குலசாமி உன்னையும் பிள்ளையையும் காக்கும். கடிதம் கிடைத்த உடனே கூப்பிடு. இந்த நம்பர் இன்னும் வேறு யாருக்கும் தெரியாது, மணி அடித்தால் அது நீதான்.

உன் அம்மா,
சௌந்தரம்