பெயர் வெட்டிய மருந்துக் கொம்பு

போன ஞாயிறு உங்கள் ஆட்டைத் திவசச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: நான், மகள், பேர்கனிலிருந்து ரயிலேறி வந்த உங்கள் தம்பி, நீங்கள் கடைசியாகச் செய்து தருவதாக ஏற்றுக்கொண்ட கொம்பைக் கேட்டு வந்த தாடிக்காரன். அவ்வளவுதான். சுவரில் மாலையோடு நீங்கள்.

மகள் பல்கனிப் பெட்டியைத் திறந்து கொம்பைச் சுற்றியிருந்த துணியை விலக்கினாள். உடனே அந்த வாடை வந்தது. வெந்த கொம்பின் வாடை, ஒரு வருடமாகியும் போகவில்லை. மச்ச மாமிசம் சமைக்காத என் குசினியில், புருசெத்தில் நாலாம் மாடியில், மாட்டுக் கொம்பை அவித்த மனிதன் நீங்கள் ஒருவர்தான். அந்த மாதக் கணக்கில் சாம்பிராணிச் செலவு இரட்டிப்பு என்று எழுதி, பக்கத்தில் காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

யாருக்காக அவித்தீர்கள்? குழல் வாயால் வெடிமருந்தையும் குண்டையும் இடித்து நிரப்பும் பழைய துவக்கால் போட்டிக்குச் சுடுகிறவர்களுக்காக. ஒரு வெடி வைத்துவிட்டு அடுத்த வெடிக்கு முன் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். இந்தச் சீருக்கு மருந்து கொண்டுபோகக் கொம்பு வேண்டுமாம், குண்டும் துணித்துண்டும் வைக்கத் தோல்பை வேண்டுமாம், எல்லாம் கையால் செய்ததாக இருக்க வேண்டுமாம். தோலில் கை வைக்க மாட்டேன் என்று பைக்கு உள்துணி மட்டும் நான் தைத்துத் தந்தேன். ஒருவராவது அந்தத் தையலைத் திருப்பிப் பார்த்திருப்பாரா?

சாமியறையில் திருநீறு குறைந்துகொண்டே போனது நினைவிருக்கிறதா? பல்கனிக்கு வந்து பார்த்தால், நீங்கள் அதைத் துணியில் தொட்டுக் கொம்பை மினுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

“இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?”

“சாம்பல் நல்லா மினுக்குமப்பா.”

“அது சாம்பலோ?”

“மாடும் சிவன்ரை, சாம்பலும் சிவன்ரை. இடையிலை நீர் ஏன் சண்டைக்கு வாறீர்?”

அந்தக் கிழமை முழுக்க நான் உங்களோடு கதைக்கவில்லை. நீங்கள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

தாடிக்காரன் இருநூறு வருடத்துக்கு முந்திய மோஸ்தரில் முழங்கால் வரை காற்சட்டை போட்டு வந்தான். கத்தரிக்காய்ப் பால்கறியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான், வடையைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான். பிறகு கொம்பை வெளிச்சத்தில் பிடித்தான். சுவர் மெல்லிசாகச் சுரண்டப்பட்டிருந்ததால் வெளிச்சம் தேன் நிறத்தில் உள்ளே போனது. “அருமை” என்றான். திருப்பினான். அடியில் தமிழெழுத்தில் உங்கள் பெயர்.

இத்தனை கொம்பில் ஒன்றிலும் நீங்கள் பெயர் வெட்டியதில்லை. வாங்குகிறவர்கள் வேண்டாம் என்றார்கள், “யா, யா” என்று தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நான் ஒருநாளும் மதித்ததில்லை, இப்போதும் மதிக்கவில்லை. ஆனால் கடைசிக் கொம்பில் ஒருவருக்கும் சொல்லாமல் வெட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அவன் நொர்ஸ்க் பாஷையில் சொன்னதை மகள் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள். “போட்டிக்குக் கொண்டுபோற கொம்பு பழைய காலத்து மாதிரி இருக்கோணுமாம். அரத்தாளாலை அப்பாடை பேரைத் தேய்ச்சு எடுக்கோணுமாம்.”

அவன் காதில் கேட்கும் கருவி, கீழே அவன் வந்த மின்சாரக் கார். உங்கள் பெயர் மட்டும்தான் பழைய காலத்துக்கு ஒத்துவரவில்லை.

“ஓம் ஓம், தேய்ச்சு விடுவம் அண்ணி” என்றார் உங்கள் தம்பி. நீங்கள் இருந்தபோது “அண்ணை கொம்பு சுரண்டுறார்” என்று பேர்கன் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர். “சின்ன விசயம். அந்தாள் வீடு தேடி வந்து கேக்குது.”

“சித்தப்பா, உங்கடை கதவிலை இருக்கிற பேரையும் ஒருக்காத் தேய்ச்சு விடுவமோ?” என்றாள் மகள்.

அவர் பாயாசக் கிண்ணத்தை எடுத்து வழித்துக் குடித்தார்.

நான் கொம்பை வாங்கித் துணியில் சுற்றினேன். அடுத்த ஞாயிறு வரச்சொல், செய்தவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மகள் அதை அப்படியே நொர்ஸ்கில் சொன்னாள். தாடிக்காரன் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சப்பாத்தைப் போட்டான்.

என் எண்ணத்தைக் கேட்டால், அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் போத்தல் போதும். ஆனால் தருகிறேன் என்று சொன்னது நீங்கள். உங்கள் சொல்லும் உங்கள் பெயரும் ஒரே கொம்பில் கிடக்கின்றன. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும். எதை நினைத்து வெட்டினீர்கள்? அவனுக்குக் கொடுக்கவா, கொடுக்காமல் விடவா?

ஊதிப் பார்க்காமல் ஒரு கொம்பும் வாசல் தாண்டக்கூடாது என்பீர்கள். காற்று வெளியே போனால் ஈரம் உள்ளே வரும், மருந்து நனைந்துவிடும் என்பீர்கள். இதை நீங்கள் ஊதவில்லை. நேற்றுக் காலை விளக்கேற்றிவிட்டு, விளக்குக் கரியை விரலால் எடுத்து உங்கள் பெயருக்குள் தேய்த்தேன். எழுத்து நன்றாகத் தெரிகிறது. பிறகு, பெருமான் பொறுப்பார் என்று, அந்த மாட்டுக் கொம்பில் நானே வாய் வைத்து ஊதினேன்.

காற்றுப் போகவில்லை. கொம்பு சரி.

அவன் ஞாயிறு வருகிறான். கனவிலென்றாலும் வந்து, கெதியாக ஒரு பதில் சொல்லுங்கோ. தலையை மட்டும் ஆட்டாதேயுங்கோ.