முதலில் வெளியே போகிறவர்

உள் அறை,
பிப்ரவரி 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். எதுவானாலும் வாய்ப்பேச்சாக விடாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு, வாயால் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குக் குரல் ஏறிவிடுகிறது. கீழ் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையின் புதுக் கிளையில் ரிசப்ஷன் முழுவதையும் என் பொறுப்பில் தருவதாகப் பெரிய டாக்டர் சொன்னார். அது வேறு ஊர், பஸ்ஸில் தினமும் போய்வர முடியாது. இதைச் சொன்னபோது நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "போறதா இருந்தா ஒரேயடியா போ. அப்புறம் இந்த வாசலை மிதிக்காதே." கோபத்தில் சொன்னீர்களா, யோசித்துத்தான் சொன்னீர்களா என்று மறுநாள் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டீர்கள்.

அதனால் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். வீடு நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. நான் பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், "அவளாகவே குடும்பத்தை விட்டுவிட்டுப் போனாள்" என்று நாளைக்கு யாரும் வாதாட இடம் கொடுத்ததாகும், அவசரப்பட்டு வெளியேறாதீர்கள் என்றார். ஆகவே நான் போகவில்லை. உள் அறையில் இருந்துகொள்கிறேன். முன் அறை உங்களுக்கு. சமையலறையும் குளியலறையும் பொது. ஏப்ரல் கடைசி வரைக்கும் அந்த இடத்தை எனக்காக வைத்திருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் சொன்னதை வாபஸ் வாங்குகிறீர்களா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உள் அறையில் இருப்பவள்


முன் அறை,
பிப்ரவரி 9

உள் அறை அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாய். எனக்கு வந்த முதல் கடிதம் நம் கல்யாணத்துக்கு முன்னால் நீ எழுதியது. அதில் ஒரு அடித்தல் திருத்தம் கூட இருக்காது. இதிலும் இல்லை.

நீ மட்டும்தான் சட்டம் கேட்பாயா? நானும் கேட்டேன். அடுத்த தெருவில் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போன இடத்தில், "பொண்டாட்டியோட தகராறுன்னா வீட்டை விட்டு நகராதீங்க, முதல்ல வெளியே போறவன்தான் தோத்தவன்"னு ஒரு பெரியவர் சொன்னார். சரி, படித்தவர்களிடம் கேட்போம் என்று போனேன். அவர்களும் கொஞ்சம் நாசூக்காக அதையேதான் சொன்னார்கள். பட்டறையிலேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதுவும் கூடாதாம். பூட்டை மாற்றலாமா என்றேன். பத்திரத்தில் பெயர் இருக்கிறவரை வெளியே நிறுத்தப் பூட்டு மாற்றுவது தப்பாம். மாற்றவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று உனக்கே தெரியும்.

வாஷிங் மெஷின் பத்து நாளாகச் சுற்றவில்லை. ஊரில் இருக்கிற மெஷினையெல்லாம் பிரித்து மாட்டுகிறேன், நம் மெஷினில் கை வைக்கப் பயமாக இருக்கிறது. பொதுப் பொருளில் ஒருவர் கை வைக்க இன்னொருவர் சம்மதம் வேண்டுமாமே. சம்மதம் எழுதிக் கொடு, பெல்ட்டை மாற்றுகிறேன். உன் வேலைப் புடவைகளை வாளியில் துவைப்பதைப் பார்க்க நன்றாக இல்லை.

நீ கேட்ட ஒரு வரியைப் பற்றி யோசிக்கிறேன்.

முன் அறை


உள் அறை,
பிப்ரவரி 24

பாப்பாவின் அப்பாவுக்கு,

மெஷினுக்குச் சம்மதம். இதையே சம்மதப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின் பக்கக் குழாயிலும் ஒழுகுகிறது, அதையும் பாருங்கள்.

என் பெயருக்கு வந்த மருத்துவமனைக் கவர் பிரித்த நிலையில் மேசைமேல் கிடந்தது. அவரவர் தபாலை அவரவர்தான் பிரிக்க வேண்டும். இது சட்டம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்கூட இல்லை. உள்ளே இருந்தது என் நியமன உத்தரவு. நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று தெரியும். பிறகு ஒட்டிவைக்கப் பார்த்திருக்கிறீர்கள், பசை காய்ந்து கையெல்லாம் ஒட்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாப்பா விடுதியிலிருந்து வீடியோ கால் போட்டால் நாம் இருவரும் ஓடிவந்து ஒரே சோபாவில் உட்காருகிறோம். திரைக்குள் அடங்குவதற்காகத் தோளை ஒட்டிக்கொள்கிறோம். "அம்மா, ஏன் இளைச்சிருக்கே?" என்று கேட்டாள். "புது சமையல் கத்துக்கிறா, அதான்" என்று நீங்கள் சொன்னீர்கள். மூன்று பேரும் சிரித்தோம். கால் முடிந்து திரை கறுத்ததும் நீங்கள் சோபாவின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தீர்கள். நான் எழுந்து போய்விட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்தும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது. உங்களுக்கு எப்படியோ தெரியவில்லை.

அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை.

உள் அறை


முன் அறை,
மார்ச் 9

உள் அறை அம்மாவுக்கு,

காய்ச்சலில் கிடந்தபோது கதவுக்கு வெளியே மாத்திரையும் வெந்நீரும் வைத்தாய். கதவைத் தட்டிவிட்டு நான் எழுந்து வருவதற்குள் போய்விட்டாய். எட்டிப் பார்த்தேன், உன் புடவை முந்தானை மட்டும் உள்ளே போனது. நன்றி என்று எழுதினால் வெளி ஆளுக்கு எழுதுவது போல இருக்கிறது, எழுதாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை.

ஒரு சந்தேகம். பிரிந்து இருப்பதாகக் கணக்கு வைக்க வேண்டுமென்றால், ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழக் கூடாதாம். அப்படியென்றால் காய்ச்சல்காரனுக்கு வெந்நீர் வைத்தது எதில் சேரும்? சட்டம் கேட்கப் போகிற இடத்தில் இதைக் கேட்டபோது அங்கே இருந்தவர், "மனிதாபிமானம்னு எடுத்துக்கலாம்" என்றார். மனிதாபிமானமாம். கட்டியவளிடமிருந்து அது கிடைத்தது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

தபாலைப் பிரித்தது தப்புதான். கவரின் மேலே உன் பெயருக்குக் கீழே "பொறுப்பாளர்" என்று போட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு சும்மா வைக்க முடியவில்லை.

முன் அறை


உள் அறை,
மார்ச் 17

பாப்பாவின் அப்பாவுக்கு,

நேற்று நூலக மாடியில் நடந்ததைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. நானே எழுதுகிறேன்.

சனிக்கிழமை இலவசச் சட்ட ஆலோசனை என்று பலகை மாட்டியிருக்கும் அந்த அறைக்கு நான் ஜனவரியிலிருந்து போகிறேன். டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கதவு திறக்கிறது, உள்ளேயிருந்து நீங்கள் வருகிறீர்கள். கையில் கருவிப் பை. உங்கள் பின்னாலேயே அடுத்த டோக்கனைக் கூப்பிட வந்த வக்கீல் அம்மா நம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும்... ஒரே வீடா?"

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். நான்தான் "ஆமாம்" என்றேன்.

பாவம் அந்தப் பெண். பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போகாதீர்கள் என்று எனக்கும் சொன்னது அவர்தான், உங்களுக்கும் சொன்னது அவர்தான். "நான் யார்கிட்டயும் பேர் கேக்கிறதில்லை. இங்க சொல்றது எல்லாமே பொதுவான பதில். இனிமே ரெண்டு பேருக்கும் நான் எதுவும் சொல்லக் கூடாது, தனித்தனியா வேற வக்கீலைப் பாருங்க" என்றார். நான் விடவில்லை. ஒரே ஒரு கேள்வி, இவர் முன்னாலேயே கேட்கிறேன் என்றேன். வேலைக்காக ஒருத்தி வேறு ஊருக்குப் போனால் அவளுடைய பங்கு போய்விடுமா?

"பொதுவா சொன்னா, பத்திரத்துல பேர் இருக்கிற வரைக்கும் பங்கு எங்கேயும் ஓடிப்போயிடாது. கைவிட்டுப் போனாங்கன்னு கணவர் சொன்னாத்தான் வம்பு. தெரிஞ்சுதான் அனுப்புறேன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டா அந்தப் பேச்சுக்கே இடமில்லை."

நீங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். திரும்பி வரும்போது நான் தெருவின் இந்தப் பக்கமும் நீங்கள் அந்தப் பக்கமுமாக நடந்தோம். வாசலில் சாவி என்னிடம்தான் இருந்தது. திறக்கும்வரை பின்னால் நின்றீர்கள்.

ஆக, என்னைப் பிடித்து வைத்திருப்பது சட்டம் இல்லை. அதனால் கேட்கிறேன், எழுதித் தாருங்கள்.

உள் அறை


உள் அறை,
ஏப்ரல் 5

பாப்பாவின் அப்பாவுக்கு,

என் போன கடிதம் ஃபிரிட்ஜில் இல்லை. எடுத்துவிட்டீர்கள். பதிலைத்தான் காணோம்.

இந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். இத்தனை வருடமும் அதை நான் கவனித்ததில்லை. இப்போது அந்தச் சுவரில் எங்கெங்கே காரை பெயர்ந்திருக்கிறது என்று மனப்பாடம். நீங்கள் குளியலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால்தான் சமையலறைக்குப் போகிறேன். நீங்கள் இருமினால் உள்ளேயே நின்றுவிடுகிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, பட்டினி போடவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மருத்துவமனையில் பகல் முழுக்க நின்றுகொண்டு, "அடுத்தவங்க வாங்க, அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிடுகிறேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருகிறார்கள். நேற்று கூப்பிடும்போதே பாதியில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன்.

டாக்டர் இன்னொரு முறை கேட்டுவிட்டார். மூன்றாவது முறை கேட்க மாட்டார்.

உள் அறை


முன் அறை,
ஏப்ரல் 19

உள் அறை அம்மாவுக்கு,

பல தடவை பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நான் கையெழுத்துப் போடாத வரைக்கும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உள் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும். பேசாவிட்டால் போகிறது, வெளிச்சமாவது இருக்கிறதே என்று தள்ளிப்போட்டேன். சட்டம் என்று நான் பேசியதெல்லாம் இதற்குத்தான்.

வாசலை மிதிக்காதே என்று சொன்னதற்கு யோசனையும் இல்லை, பெரிய கோபமும் இல்லை. நீ போய்விடுவாய் என்று தெரிந்துபோன பயத்தில் வந்த வார்த்தை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

இத்துடன் நீ கேட்டதை எழுதியிருக்கிறேன். பத்திரம் எழுதுகிறவரிடம் போகவில்லை, என் வார்த்தையிலேயே எழுதினேன். சரியாக இருக்கிறதா என்று உன் வக்கீலிடம் காட்டிக்கொள்.

"என் மனைவி தன் வேலைக்காக, எனக்குத் தெரிந்து, என் முழுச் சம்மதத்துடன் வேறு ஊருக்குப் போகிறார். இது வீட்டையோ குடும்பத்தையோ கைவிட்டுப் போவது ஆகாது. எங்கள் இருவர் பெயரிலும் உள்ள வீட்டில் அவருடைய பாதி எப்போதும் அவருடையதே. நான் முன்பு வேறுவிதமாகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன்."

சாட்சிக் கையெழுத்துக்குக் கீழ் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நிஜமாவே போறாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பெரிய பெட்டியின் ஜிப் வேலை செய்யாது. சரிபண்ணி வைக்கிறேன்.

முன் அறை


வாடகை அறை,
மே 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

வந்து சேர்ந்ததும் சுகமாக இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேனே தவிர, ஒழுங்காக எழுதவில்லை. நீங்கள் பஸ் கிளம்பும்வரை நின்றதைப் பார்த்தேன். கையை அசைக்கலாமா வேண்டாமா என்று இருவருமே முழித்தோம்.

வேலை பிடித்திருக்கிறது. எனக்குக் கீழே நான்கு பெண்கள். மொட்டை மாடிக்குப் பக்கத்தில் அறை. கதவைத் திறந்தே போட்டுக்கொண்டு இருக்கிறேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்ததை வக்கீலிடம் காட்ட வேண்டிய தேவை வரவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கையில் வாங்கியபோது எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. அதுவரை, வீடு போய்விடும் என்பதால் இருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்காகவும்தான் இருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. வீடு போகாது என்று ஆனபிறகு அந்த நினைப்பைத் தேடிப் பார்த்தேன். இங்கே வந்தும் தேடினேன். நீங்கள் நல்லவர். உங்களை நினைத்தால் மனசு இளகுகிறது. திரும்பி வர வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நம்பி நீங்கள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் இதைத் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன். இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு வழி இருக்கிறதாம். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லையாம். வீட்டைப் பற்றி எனக்கு அவசரம் இல்லை. நீங்கள் அங்கேயே இருங்கள்.

பாப்பாவிடம் நாம் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், அந்தச் சோபா நாடகம் இன்னொரு தடவை என்னால் ஆகாது. வருகிற ஞாயிறு அவளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். காலையில் விடுதி வாசலில் நிற்கிறேன். யார் முதலில் கேட்டது என்று நிச்சயம் கேட்பாள். அம்மா என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை. சட்டம், வக்கீல் என்று எதன்மேலும் பழி போட வேண்டாம். எனக்கு அழுகை வந்தால் நீங்கள் பேசுங்கள். உங்களுக்குப் பேச்சு நின்றுபோனால் நான் பேசுகிறேன்.

வருகிறேன், வரவில்லை என்று இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா