வலது விலாவில் ஒரு மூடி

அன்புள்ள அப்பாவுக்கு, இவ்வளவு தூரத்திலிருந்தே காலில் விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வேடிக்கை, பயப்பட ஒன்றுமில்லை. தீனி எப்படிச் செரிக்கிறது என்று பார்க்க, ஒரு குதிரையின் வலது விலாவைத் திறந்து குடலில் குழாய் வைத்தோம். மரத்துப்போக ஊசி போட்டு, நிற்க வைத்தே செய்கிற அறுவை. தலையைப் பிடிப்பது என் வேலை. "ஏதாவது பேசிக்கிட்டே இரும்மா, ஆடிடப் போகுது" என்றார் டாக்டர். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் மோட்டாரைத் திட்டி நீங்கள் அனுப்பிய குரல்பதிவைப் போனில் ஓடவிட்டேன். குதிரை சிலையாக நின்றது.

காயம் ஆறிவிட்டது. தினமும் குழாயின் மூடியைத் திறந்து குடல்நீர் எடுக்கிறேன். உள்ளே ஓயாமல் கடமுடவென்று சத்தம். உங்கள் குரல் கேட்டால் மட்டும் அடங்கிவிடும், அந்த ஓட்டை வழியாகவே கேட்பது போல.

நேற்று மதியம் போனை அணைத்து வைத்திருந்தேன். திடீரென்று குடல் சத்தம் நின்றது. குதிரை காதை விறைத்து, ஆளில்லாத வாசலைப் பார்த்தது. பிறகு யாருக்கோ இடம் விடுவது போல மெல்ல ஒதுங்கியது.

"யாரும்மா வந்தது?" என்று டாக்டரும் திரும்பினார்.

போனில் கேட்டால் "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடாதீர்கள். மோட்டாரை இன்னொரு தடவை திட்டி அனுப்புங்கள், குதிரைக்குத்தான். தபால் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

நேற்று மதியம் என்னைக் கூப்பிட்டீர்களா அப்பா?

உங்கள் பாப்பா