ஐந்தாவது பெயர் என்னுடையது

என் ஸ்டாப்பருக்கு,

இன்று காலை பூட்ஸைக் கழுவலாம் என்று கிட் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். காய்ந்த செம்மண், ஒற்றைச் சாக்ஸ், மூடி தொலைந்த வலி மருந்து டியூப், அதற்கும் அடியில் நான்காக மடித்த ஒரு சீட்டு. மருந்து ஊறி எழுத்து மங்கியிருந்தது. ஆனாலும் என் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? ஐந்து பெயர்கள். நான்காவது நீ, ஐந்தாவது நான். நேற்று மாலை எழுதிய இன்னொரு சீட்டும் டிராக் பேண்ட் பாக்கெட்டில் கிடந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் துப்பில்லை, இப்போது பேனாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

என் வாய்க்குப் பயந்து டீமில் பாதிப் பேர் என்னிடம் தேவைக்கு மேல் பேச மாட்டார்கள். ஒரு பாஸ் தப்பினால் மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவேன். நீ ஒருத்திதான் திரும்பிக் கத்துவாய். "போடி, பெரிய கேப்டன்" என்பாய். நான் ரெட்டிபாளையம், அப்பாவுக்கு சிமென்ட் ஆலை வேலை, அவர் சட்டையைப் போலவே வீட்டுச் செடிகளும் சாம்பல் நிறம். நீ ஆண்டிமடம், முந்திரித் தோப்புக்குள் தம்பிகளைத் துரத்தி ஓடியே கால் வளர்ந்தவள். பெரம்பலூர்க் கல்லூரியில் முதல் நாள் பயிற்சிக்கு வெறுங்காலோடு வந்து நின்றாய். கோல்கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்கிற ஸ்டாப்பர் இடம் அன்றைக்கே உனக்கு என்று ஆகிவிட்டது.

பந்தைத் தூக்கி வெளியே அடித்ததும் நீ சத்தமாக ஒரு "அப்பாடா" போடுவாய், ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு தடவையும். கிண்டல் செய்தால், "பந்து வந்தா பயம், போயிட்டா நிம்மதி. எம் பொழப்பே அதுதான்டி" என்பாய். எதிரணிப் பெண்கள்கூடச் சிரிப்பார்கள். பயத்தை அப்படி வாய்விட்டுச் சொல்ல உனக்குக் கூச்சமே கிடையாது. எனக்குப் பயம் என்றால் முகம் இறுகும், குரல் உயரும். அதைத்தான் எல்லோரும் தைரியம் என்று நினைத்தார்கள்.

நம் மூன்றாம் வருஷ ஃபைனல். நம்முடைய மைதானம், எதிரே கும்பகோணத்துப் பெண்கள். கடைசி விசில் வரைக்கும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. பெனால்ட்டி என்றதும் பி.டி. சார் ஸ்கோர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் கையில் கொடுத்து, ஐந்து பேரை எழுதச் சொன்னார். மதில் ஓரமாக நின்ற பையன்கள் என் பேரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார்கள். கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. பயிற்சியில் நூறு தடவை அடித்தவள்தான். ஆனால் அன்றைக்கு அடித்தால் உள்ளே போகாது என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தக் கணக்கு என் தலையில் ஓடியது. ஐந்தாவது ஆளுக்கு முறை வராமலே ஆட்டம் முடியலாம். யாராவது இரண்டு பேர் தவறவிட்டால் போதும், அல்லது நாம் முன்கூட்டியே ஜெயித்தால் போதும். எப்படியானாலும் நான் நடுக்கோட்டில் நின்றபடியே தப்பித்துவிடலாம். முதலில் என் பெயரைத்தான் எழுதினேன், ஐந்தாவது இடத்தில். பிறகுதான் மற்ற மூன்று பேரை எழுதினேன். நான்காவது இடத்துக்கு ஆள் இல்லை. எல்லோரும் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டால் நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

"நான் ஸ்டாப்பர்டி. வெளிய அடிச்சுத்தான் பழக்கம்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், ஆனால் உதடு வெளுத்திருந்தது. சும்மா வைத்து அடி என்றேன். என்னையே பார்த்துக் கேட்டாய், "நீ எனக்கு முன்னாடி போயிடேன். நான் கடைசியா நின்னுக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேப்டன் கடைசியிலதான் அடிக்கணும்" என்று வெடுக்கென்று சொன்னேன். எந்தப் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறது? நீ நம்பினாய். தலையை ஆட்டிக்கொண்டாய்.

நம் இரண்டாவது ஆள் கீப்பர் கையிலேயே அடித்தாள். அவர்கள் நான்கையும் போட்டுவிட்டார்கள். இப்போது உன்னுடையது உள்ளே போனால் ஆட்டம் இருக்கும், அவர்களுடைய ஐந்தாவது ஆள் தவறவிட்டால் என் முறைக்கு வரும். போகாவிட்டால் முடிந்தது. நீ நடுக்கோட்டிலிருந்து நடந்து போகும்போது உன் முதுகில் நான்காம் நம்பர் வியர்வையில் ஒட்டியிருந்தது. பந்தை இரண்டு தடவை எடுத்து வைத்தாய். ஓடி வந்து அடித்தாய். பந்து கம்பத்துக்கு மேலே போய், மதிலையும் தாண்டி, ரோட்டில் விழுந்தது. ஏதோ பஸ்காரர் ஹாரன் அடித்தது இன்னும் காதில் இருக்கிறது.

இதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை. பந்து மதிலைத் தாண்டியபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபமும் இல்லை. உன்னுடைய அந்த "அப்பாடா" வந்தது. முழங்காலில் உயிர் வந்தது. தோற்றுவிட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நீ திரும்பி நேராக என்னிடம்தான் வந்தாய். "உன்னை அடிக்க வுடாம பண்ணிட்டேனேடி, என்னை மன்னிச்சிடு" என்று சொல்லித் தேம்பினாய். நான் உன் தோளில் கை போட்டு, பரவாயில்லை விடு என்றேன். பெருந்தன்மையாம்! பி.டி. சார் மறுநாள் ஜூனியர்களிடம் சொன்னார், கேப்டன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று. நானும் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

பிறகு நான் அங்கேயே எம்.எஸ்சி. சேர்ந்தேன், மறுபடியும் கேப்டன் ஆனேன். நீ ஜெயங்கொண்டத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகப் போனாய். போன் பேசும்போதெல்லாம் உன் மன்னிப்புப் பேச்சு வந்துவிடும். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும், உள்ளே போய்விடும்.

ஒரு நாள் சொல்லியே தீருவது என்று ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். விருத்தாசலம் பஸ் உறுமிக்கொண்டு நின்ற இடத்தில் நின்று, ஒன்று சொல்லணும் என்று ஆரம்பித்தேன். உனக்கோ அவசரம், நீ முந்திக்கொண்டாய். ஏழு பெண் பிள்ளைகளைச் சேர்த்து டீம் ஆரம்பித்திருக்கிறாயாம். அதுகளுக்கு என் கதையைத்தான் சொல்கிறாயாம், கடைசிப் பாரத்தைத் தன் தலையில் எடுத்துக்கொண்ட கேப்டன் கதை. உன் முகத்தில் அத்தனை பெருமை. நான் சொல்ல வந்தது என்ன என்று கேட்டாய். ஒன்றுமில்லை, பசிக்குது என்றேன். பரோட்டா வாங்கிக் கொடுத்தாய்.

அதுதான் கடைசி. ஒரு மாதம்கூட ஆகவில்லை, பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டியில் போனவளைக் கல் லாரி அடித்துவிட்டது என்று போன் வந்தது. ஆறு மாதம் ஆகிறது.

காரியத்தன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒன்னைய அடிக்க வுடாம பண்ணிட்டேன்னு சொல்லிக்கிட்டே கெடக்கும் பாப்பா. நீ மனசுல வெச்சுக்காத" என்றார்கள். நான் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தேன். அந்தக் காபி எப்படி உள்ளே இறங்கியது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நேற்று அரியலூரில் என் கடைசி மேட்ச். இனி கல்லூரிக்காக ஆட முடியாது, இந்த மாதத்தோடு படிப்பு முடிகிறது. ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்து, மறுபடியும் பெனால்ட்டி. மறுபடியும் சார் ஒரு தாளை நீட்டினார். பயம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. ஆனால் நான்கு என்று போட்டு என் பெயரை எழுதினேன். ஐந்தாவதாக சுகன்யாவை எழுதினேன். முதல் வருஷம், உடையார்பாளையத்துப் பெண், துணிந்து அடிப்பவள். தன் பெயரைக் கேட்டதும் அவள் முகம் வெளிறியதைப் பார்த்தேன்.

உனக்கு வந்த அதே நிலைதான் எனக்கும் வந்தது. நான் போட்டால் ஆட்டம் இருக்கும், விட்டால் முடிந்தது. நடுக்கோட்டிலிருந்து பந்து வரைக்கும் எவ்வளவு தூரம்டி அது! கீப்பர் கையை விரித்து நின்றதில் கோலே தெரியவில்லை. இடது மூலைக்கு அடித்தேன். கம்பத்தில் பட்டு வெளியே ஓடியது.

திரும்பி நடந்தேன். நீ நடந்த நடை அது. தலையைத் தூக்கினால் எல்லோரையும் பார்க்க வேண்டும், அதனால் புல்லைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கோப்பையை அவர்கள் வாங்கிப் போன பிறகு, மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் நின்றிருந்தோம். சுகன்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். டீயை வாங்கினாள், குடிக்கவில்லை.

"அக்கா, ஒன்னு சொல்லணும். திட்டாதீங்க. நீங்க அடிச்சது வெளிய போனதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுக்கா."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்கு ஒரு சொட்டுக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, நிஜமாகவே சிரித்துவிட்டேன். பைத்தியம், டீ ஆறுது குடி என்றேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. தோற்றதற்கு என்று நினைத்து யாரும் கிட்டே வரவில்லை. நான் சொல்லியிருந்தால் நீயும் சிரித்திருப்பாய். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "உனக்குமாடி?" என்று கேட்டிருப்பாய். சிரித்து முடித்துப்போட வேண்டியதை நான் மூடி வைத்தேன். செய்யாத தப்புக்கு நீ சாகும் வரைக்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாய்.

நேற்றுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பழையது பர்ஸில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடம் பஸ் ஏறப்போகிறேன். அம்மா முன்னால் அதைப் பிரித்து வைத்துச் சொல்ல வேண்டும்: உங்கள் பெண் என்னை அடிக்க விடாமல் பண்ணவில்லை. நான்தான் அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன்.