உப்புத்தண்ணீர் குடித்த ஆடுகள்

செவ்வாய்க்கிழமை.

முதுகுளத்தூர்ச் சந்தையில் பிடித்த எட்டு ஆடுகளைக் கால்நடைக் கல்லூரி டாக்டரம்மாவிடம் எடைக்கு விற்கக் கொண்டுபோனேன். முதுகுத்தண்டில் மரத்துப்போக வைக்கும் ஊசியை இரண்டு விதமாகப் போடலாமாம். நாலு ஆட்டுக்கு ஒரு விதம், நாலுக்கு இன்னொரு விதம் போட்டு, எது மேல் என்று பார்ப்பார்கள். ஆட்டின் எடைக்குத்தான் மருந்தளவு என்றதும் எனக்குத் திக்கென்றது. எடை கூடி நிற்கட்டும் என்று வழக்கம்போல் காலையில் உப்புத்தண்ணீர் காட்டியிருந்தேன்.

"அளவு கூடிப்போனா என்னம்மா ஆகும்?"

"மூச்சு நின்னுரும்ணே."

"அப்ப இன்னைக்கு நிறுக்காதீங்கம்மா. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கிலோ தண்ணி நிக்குது."

அவர் சிரித்துவிட்டார். "கறிக்கடைக்காரருகிட்டயும் இப்படித்தான் சொல்லுவீங்களா?"

"அவரு ஊசி போட மாட்டாரும்மா."

நாளை வெறும் வயிற்றில் நிறுக்கிறோம். தண்ணீர் எடை போய்விடுமே, அதற்குக் கிலோவுக்கு முப்பது ரூபாய் கூட்டிக் கேட்டேன், இருபதுக்குச் சம்மதித்தார்.